பாதிரி மடுவில் நாற்பத்தொரு மீன்

அந்த அறிக்கையின் முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் நிற்கிறாள். ஐம்பத்திரண்டு வயது, ஈரப் பாவாடை, தலையில் துண்டு. இரண்டு கையாலும் ஒரு தஹாவோ மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாள். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘திட்டப் பகுதி மக்கள் ஆற்றின் வளத்தில் மனநிறைவு கொண்டுள்ளனர்.’ அவள் பெயர் தோமித்திலா ரொசாரியோ. எங்களுக்குத் தீலா. என் மூத்த மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். அதனால் எனக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு நான் கொம்பாத்ரே. கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேலான உறவு அது. அந்தச் சிரிப்பை வைத்தே அவள் ஆற்றை அறுத்துப் போட்டவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. யார் யாரைத் திட்ட வேண்டும் என்று மனதில் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அதில் என் பெயரும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் ரதாமெஸ். மனிகுவா ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என் பலசரக்குக் கடை. எதிரே தீலாவின் தகரக் கொட்டகை. நடுவில் தார்ச்சாலை. சாந்தியாகோவுக்குப் போகிற லாரிகளெல்லாம் எங்கள் இரண்டு பேர் முகத்திலும் புழுதியடித்துவிட்டுத்தான் போகும். ஓட்டுநர்கள் அவளிடம் சாப்பிட்டுவிட்டு என்னிடம் பீர் குடிப்பார்கள். அல்லது என்னிடம் குடித்துவிட்டுப் போய் அவளிடம் திட்டு வாங்குவார்கள்.

அவள் தொழில் மீன் வறுப்பது. எல்லா மீனும் இல்லை, தஹாவோ மட்டும்தான். மலை ஆற்றில், ஓட்டமுள்ள தண்ணீரில், கல்லோடு கல்லாகத் திரிகிற மீன் அது. முதுகு கருப்பு, வால் அடியில் ஒரு மஞ்சள். சேறு அதற்கு ஆகவே ஆகாது. உப்பும் எலுமிச்சையும் பூசி மொறுமொறுவென்று வறுத்து, தட்டி வறுத்த பச்சை வாழைக்காயோடு வைப்பாள். ஒரு தடவை ஒரு போலீஸ் சார்ஜன்ட் முள் அதிகமாக இருக்கிறது என்று முகம் சுளித்தார். தீலா அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

“முள்ளு இல்லாத மீனு வேணுமா சார்ஜன்ட்? அது டப்பாவுல வரும். அதோ எதுத்தாப்புல ரதாமெஸ் கடையில இருக்கு, போங்க.”

சார்ஜன்ட் நிஜமாகவே வந்தார். நானும் ஒரு மத்தி டப்பாவை விற்றேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் புருஷன் உலிசெஸ் கள்ளப் படகேறி புவெர்த்தோ ரிக்கோவுக்குப் போனான். முதல் வருஷம் பணம் வந்தது. இரண்டாம் வருஷம் கடிதம் மட்டும் வந்தது. மூன்றாம் வருஷம் அங்கே அவனுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அன்று சாயங்காலம் தீலா என் கடைக்கு வந்து இரண்டு போத்தல் எண்ணெய் வாங்கினாள். மறுநாள் பாலத்தருகே அடுப்பு மூட்டினாள். இருபத்தாறு வருஷமாக அந்த அடுப்பு எரிகிறது. இரண்டு பெண்களை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தது அந்த அடுப்பும் அந்த மீனும்தான்.

உள்ளங்கை நீளம் இல்லாத மீனை அவள் வாங்க மாட்டாள். யாராவது கொண்டு வந்துவிட்டால் கொண்டு வந்தவனையே திரும்ப ஆற்றுக்கு நடக்க வைப்பாள்.

“இன்னைக்கு இதத் தின்னுட்டா நாளைக்கு என்னத்தத் தின்னுவ? உன் கையையா?”

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பாலத்துக்கு மேலே ஜல்லிக் கம்பெனி வந்தது. ஆற்றின் வயிற்றிலேயே பொக்லைனை இறக்கினார்கள். கல்லையும் மணலையும் வாரி, கழுவி, சலித்து லாரியில் ஏற்றினார்கள். கழுவின சேற்றை அப்படியே திரும்ப ஆற்றில் விட்டார்கள். திங்கள் முதல் சனி வரை பாலத்தடியில் பால் விட்ட காப்பிதான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தெளிந்து தேநீர் ஓடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சந்துகளெல்லாம் சேறு அடைத்துக்கொண்டன. அந்தச் சந்துகள்தான் மீனுக்கு வீடு. கல்மேல் படர்கிற பாசிதான் அதற்குச் சாப்பாடு. இரண்டும் போயின. மூன்றே வருஷத்தில், தீலா ஏழு வயதில் நீந்தப் பழகின பாலத்து மடுவில் ஒரு தஹாவோகூட இல்லை. நாங்கள் மனு கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்தக் கிழமையில் வந்தார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை.

மிஞ்சினது ஒரு ஓடை. ஜல்லி ஆலைக்கும் மேலே, வலது கைப்பக்க மலையிலிருந்து இறங்கி மனிகுவாவில் சேர்கிற ஓடை. அதற்கு அத்தைமகள் என்று பெயர். ஏன் என்று கேட்காதீர்கள், எங்கள் ஊரில் ஓடைகூட யாருக்காவது உறவாகத்தான் இருக்கும். அந்த ஓடையில் அரை மணி நேரம் மேலே நடந்தால் பாதிரி மடு வரும். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் அங்கியோடு வழுக்கி அதில் விழுந்து, எழுந்திருக்கும்போது பாதிரியார் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னாராம். அது தீலாவின் தாய்வழி மடு. எங்கள் மலைப்பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மடு உண்டு. பத்திரம் கிடையாது, ஆனால் எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி வந்தால் இருப்பதிலேயே நல்ல மடுவுக்கு அழைத்துப் போக வேண்டும். கலங்கின தண்ணீரைக் காட்டுவதும் உடைந்த தட்டில் சோறு போடுவதும் ஒன்று. தன் மடுவைப் பற்றி விருந்தாளி காதுபடக் குறை சொல்வது அதைவிடக் கேவலம்.

இந்த நல்ல பழக்கம்தான் எங்களைக் கவிழ்த்தது.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு வண்டி என் கடை முன்னால் நின்றது. தலைநகரிலிருந்து வந்த ஒரு பெண் இறங்கினாள். யொகாஸ்தா என்று பெயர், மீன்களைப் பற்றிப் படித்தவள், முப்பது வயதுகூட இருக்காது. கம்பெனி இன்னும் மேலே போய்த் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறதாம். அதற்கு முன்னால் ஆற்றில் என்ன மீன் இருக்கிறது என்று எண்ண வேண்டுமாம். எண்ணுகிற நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பதும் அதே கம்பெனிதான். இதை அவள் ஒளிக்கவில்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

“ஒரு நாள்தான் குடுத்திருக்காங்க, தோன் ரதாமெஸ். இங்க மீனு எங்க நல்லாக் கெடைக்கும்?” என்று கேட்டாள். வயதில் மூத்தவரை மரியாதையாகக் கூப்பிட எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் தோன் போடுவார்கள், பெண்ணானால் தோன்யா.

நான் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

தீலா எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டே கிளம்பிவிட்டாள். கேட்டது யார், எதற்காக என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. வெளியூர்ப் பெண் வெயிலில் வந்திருக்கிறாள், மீன் பார்க்க ஆசைப்படுகிறாள், அவ்வளவுதான். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். வழியில் பாலத்து மடுவைத் தாண்டும்போது யொகாஸ்தா நின்று, “இங்க பாக்க வேண்டாமா?” என்றாள்.

“இந்தச் சாக்கடையிலயா? வாம்மா நீ. நல்ல எடம் காட்டறேன்,” என்று தீலா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பாதிரி மடுவில் யொகாஸ்தா முதுகில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு, ஒரு கம்பியைத் தண்ணீரில் விட்டு லேசாக மின்சாரம் பாய்ச்சினாள். மீன்கள் மயங்கி மல்லாந்து மிதந்தன. எண்ணி, அளந்து, திரும்ப விட்டாள். முதலில் தீலாவுக்கு அது பிடிக்கவில்லை. “உனக்கு யாராச்சும் ஷாக்கு குடுத்து இடுப்பளவு எடுத்தா ஒத்துக்குவியா?” என்றாள். ஆனால் மீன்கள் தெளிந்து நீந்திப் போவதைப் பார்த்ததும் அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நாற்பத்தொரு தஹாவோ. பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு அருவியே ஏறுகிற கல்லுறிஞ்சி மீன் இருபத்தாறு. யொகாஸ்தா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தீலா தன் பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைக் கேட்பவள் மாதிரி நின்றாள். அப்போதுதான் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது. எடுத்தவன் அவளோடு வந்த வண்டி ஓட்டி.

இறங்கி வரும்போது தீலா என் பக்கம் ஒதுங்கி மெதுவாகச் சொன்னாள்: “எல்லாமே பெருசு, பாத்தியா கொம்பாத்ரே? குட்டி ஒண்ணுகூட இல்ல. மூணு வருஷமா இப்படித்தான்.”

“அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே.”

“விருந்தாளிகிட்டயா? என் மடு மலடாயிட்டு வருதுன்னா? நீ வேற.”

அன்று மத்தியானம் யொகாஸ்தாவுக்கும் வண்டி ஓட்டிக்கும் ஆறு மீன் வறுத்துப் போட்டாள். காசு வாங்கவில்லை.

ஜூன் மாதம் அறிக்கை வந்தது. ஊர்மக்கள் பார்வைக்கு ஒரு பிரதி வைக்க வேண்டும் என்று சட்டமாம். நகராட்சி ஆள் அதைக் கொண்டுவந்து என் கடையில் அரிசி மூட்டைமேல் போட்டுவிட்டுப் போனான். இருநூறு பக்கம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் புரட்டினேன். முப்பத்தேழாம் பக்கம் வந்ததும் சாலையைத் தாண்டி ஓடினேன். தீலாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். மீன் எண்ணின இடம்: மனிகுவா ஆறு, திட்டப் பகுதி. நாற்பத்தொரு தஹாவோ, நன்கு வளர்ந்தவை. ஆகவே பதினோரு வருஷமாக ஜல்லி எடுத்ததால் மீன் வளத்துக்குப் பாதிப்பு எதுவும் இல்லை. ஆகவே அத்தைமகள் ஓடையின் வாய்வரை தோண்டலாம்.

பாதிரி மடு பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

“என் மீனு,” என்றாள் தீலா. “என் மீனக் காட்டியா தோண்டப் போறாங்க?”

அந்த மாதக் கடைசியில் ஊர்க் கூட்டம் நடந்தது, கூடைப்பந்து மைதானத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. கம்பெனி எல்லோருக்கும் சாண்ட்விச்சும் சோடாவும் தந்தது, தன் பெயர் போட்ட பனியனும் தந்தது. எங்கள் ஊர் ஆட்கள் பனியனை அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தலைநகரிலிருந்து வந்த அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனி இன்ஜினியர் தவாரெஸ், நல்ல உயரம், நல்ல வாசனை. யொகாஸ்தாவும் ஓரத்தில் இருந்தாள். தீலா எழுந்தாள்.

“அந்தப் போட்டோவுல இருக்கறது நான்தான். சிரிக்கறதும் நான்தான். ஆனா நான் நிக்கறது நீங்க தோண்டுற எடத்துல இல்ல. அத்தைமகள் ஓடையில, எங்க மடுவுல. உங்க பொக்லைன் இன்னும் தொடாத தண்ணி அது.”

இன்ஜினியர் சிரித்தார். “அத்தைமகளும் மனிகுவாவுலதானே வந்து சேருது, தோன்யா. எல்லாம் ஒரே ஆறுதான்.”

“உங்க வீட்டுல சமையக்கட்டும் கக்கூசும் ஒரே வீடுதான், இன்ஜினியர். நீங்க எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

பனியன் போட்டவர்கள்கூடச் சிரித்தார்கள். அதிகாரி யொகாஸ்தாவைப் பார்த்தார். அவள் எழுந்து, தன் குறிப்புப் புத்தகத்தில் பாதிரி மடு என்றுதான் எழுதியிருப்பதாகவும் இடத்தின் பெயரை அலுவலகத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். பக்கத்தில் இருந்த அவள் மேலதிகாரி அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை. திரும்ப எண்ணுங்கள், இந்தத் தடவை சரியான இடத்தில் எண்ணுங்கள் என்று அதிகாரி உத்தரவு போட்டார். தீலாவைத் தோளில் தூக்காத குறைதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம், மடையர்கள்.

ஜூலையில் திரும்ப எண்ணினார்கள், யொகாஸ்தாவும் வந்திருந்தாள். பாலத்து மடுவிலிருந்து ஆலைவரை மூன்று மணி நேரம். வெளிநாட்டிலிருந்து வந்து எந்தச் சாக்கடையிலும் பிழைக்கிற கொசுமீன் அறுபது. எப்போதோ பண்ணையிலிருந்து தப்பி வந்த திலாப்பியா பதினொன்று. தஹாவோ இல்லை. கல்லுறிஞ்சி இல்லை. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தீலா கை தட்டினாள். தன் ஆற்றில் மீன் இல்லை என்று ஒருத்தி சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவள் கொட்டகையில் உட்கார்ந்து, மூன்று வருஷமாகக் குட்டியே வராததை யொகாஸ்தாவிடம் சொன்னாள்.

“இத அன்னைக்கே ஏன் சொல்லல, தோன்யா தீலா?”

“அன்னைக்கு நீ விருந்தாளி.”

யொகாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். அதன் பிறகு, மேசைமேல் விரலால் கோடு போட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். தஹாவோவின் குஞ்சு கடலில்தான் வளரும். ஆற்றோடு அடித்துக்கொண்டு போய், அங்கே கொஞ்சம் தேறி, மழைக்காலம் தொடங்கும்போது கரையை ஒட்டி வரிசையாக மலையேறி வரும். பாலத்தையும் ஆலையையும் தாண்டித்தான் பாதிரி மடுவுக்கு வந்தாக வேண்டும். அந்தச் சேற்றில் இப்போதே அநேகமாக எதுவும் தேறுவதில்லை. மடுவில் இருப்பது கிழங்கள். ஓடையின் வாயையும் தோண்டிவிட்டால் ஆறு பள்ளத்தில் போய்விடும், ஓடை மேலே தொங்கும், கோடையில் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கி மறைந்துவிடும். கல்லுறிஞ்சி ஒருவேளை ஏறலாம், தஹாவோ ஏறாது. “அந்த வாய்தான் வாசப்படி. அது போச்சுன்னா இருக்கற கிழம் சாகறவரைக்கும்தான் மடு,” என்றாள்.

இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி அறிக்கையில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு பக்கமும் அறிக்கையில் வரவில்லை. அவளும் அந்த நிறுவனத்தில் இல்லை. போன் செய்து பார்த்தேன். அழுதாள்.

செப்டம்பரில் இரண்டாம் கூட்டம். அதே மைதானம், அதே சாண்ட்விச். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்: “புதிய கணக்கெடுப்பின்படி இப்பகுதியில் பாதுகாக்கத்தக்க மீன் வளம் எதுவும் இல்லை. ஆகவே விரிவாக்கத்தால் இழப்பு ஏதும் இல்லை.”

காதில் விழுந்தது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மீன் இருந்தால் தோண்டினாலும் ஒன்றும் ஆகாதாம், தோண்டலாம். மீன் இல்லை என்றால் இழக்க ஒன்றும் இல்லையாம், தோண்டலாம். இதற்கு எதற்கு மின்சாரப் பெட்டி, எதற்கு எண்ணிக்கை? காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட எங்களுக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். படித்த மனிதர்கள் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல், எங்கள் காதில் பூ சுற்றினார்கள். பனியன்காரர்கள் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்த ரொட்டி என் கடையிலிருந்து போனதுதான்.

தீலா எழுந்ததும் அதிகாரி பொறுமையாகப் பேசினார். கெட்டவர் மாதிரி இல்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

“தோன்யா, போன தடவை மீனு இருக்குன்னு எழுதினதுக்குச் சண்டை போட்டீங்க. இப்ப இல்லன்னு எழுதினாலும் சண்டை போடுறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

“என் வீட்டுல பூந்து சாமானெல்லாம் அள்ளிக்கிட்டுப் போனவன், வெறும் வீடுதானே, இடிச்சா என்னான்னு கேக்குறான். நீங்க நோட்டுல அத எழுதிக்கிறீங்க. எனக்கு என்ன வேணும்னு கேக்குறீங்களே சார், அள்ளினவன் பேரு அந்த நோட்டுல எந்தப் பக்கத்துல இருக்கு?”

அவர் பக்கத்தைத் திருப்பினார். நிஜமாகவே தேடுகிற மாதிரி திருப்பினார். அப்புறம் மூடிவிட்டார்.

அனுமதி கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. ஆற்றின் மீன் வளத்தைப் பெருக்க ஐயாயிரம் மீன்குஞ்சு விட வேண்டும், ஊர்மக்களும் அதில் பங்கெடுக்க வேண்டும். என்ன மீன் என்று நிபந்தனையில் எழுதியிருக்கவில்லை. அக்டோபரில் ஒரு சனிக்கிழமை திலாப்பியாக் குஞ்சுகளை லாரியில் கொண்டு வந்தார்கள். மேயர், மேளம், பாலத்தின் குறுக்கே துணிப் பதாகை, புகைப்படக்காரன். இன்ஜினியர் தவாரெஸ் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தீலாவிடம் வந்தார். ஏற்கெனவே அறிக்கையில் வந்த முகம், பொருத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

“மொத வாளி உங்க கையாலதான், தோன்யா.”

தீலா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “இது இந்த ஆத்து மீனு இல்லையே.”

“மீனு மீனுதானே. சீக்கிரம் வளரும், முள்ளும் கம்மி. நீங்க பாட்டுக்கு வறுக்கலாம்.”

“மேல இருந்து எங்க மீனோட முட்டையும் குஞ்சும் ஒண்ணு ரெண்டு தப்பி வந்தா, அதையும் இது தின்னு தீத்துடும். அதுக்கு நானே கதவத் தொறந்து விடணும், போட்டோவுல சிரிக்கவும் செய்யணும். நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.”

வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தன் கொட்டகைக்குப் போய்விட்டாள். மேளம் நின்றது. இன்ஜினியர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“ஊர்க்காரர் யாராச்சும் ஒருத்தர் வாங்க. படிவத்துல பேரு போடணும். இது நடக்கலன்னா திங்கக்கிழம வேலை ஆரம்பிக்க முடியாது.”

ஒருவரும் அசையவில்லை. நான் சத்தியமாகச் சொல்கிறேன், பனியன் போட்டவர்கள்கூட அசையவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே நின்றிருந்தால் வெட்கப்பட்டுக் கலைந்து போயிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இன்ஜினியரின் கண் என்மேல் வந்து நின்றது. கம்பெனியில் இருபத்திரண்டு ஓட்டுநர்கள். காலையில் ரொட்டியும் சலாமியும், மத்தியானம் ஐஸ், சாயங்காலம் பீர், எல்லாம் என் கடையில்தான்.

“தோன் ரதாமெஸ் இருக்காரே. நம்ம ஆளு.”

வெயிலில் குஞ்சுகள் வாய் பிளந்துகொண்டிருந்தன, பாவம், செத்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வான் என்றும் சொல்லிக்கொண்டேன். வாளியைத் தூக்கி ஆற்றில் கவிழ்த்தேன். புகைப்படக்காரன் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னான், பார்த்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அடுப்பின் புகை மட்டும் சாலையைத் தாண்டி வந்தது.

திங்கட்கிழமை காலையில் கொட்டகை திறக்கவில்லை. ஏழு மணிக்கு ஒரு மோட்டார்சைக்கிள்காரன் வந்து சொன்னான்: தீலா அத்தைமகள் ஓடையின் வாயில், பொக்லைன் இறங்க வேண்டிய இடத்தில், தண்ணீரில் தனியாக நிற்கிறாள். பொக்லைன் ஓட்டுகிறவன் தினமும் அவளிடம் சாப்பிடுகிறவன்.

“தோன்யா, நகருங்க. எனக்கு மேல ஆளு இருக்கு,” என்றானாம்.

“எனக்கு மேல மழைதான் இருக்கு. நீ எஞ்சின நிறுத்து.”

நிறுத்திவிட்டான். நான் கடையிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு என்ன எடுத்துப் போவது என்று எனக்குத் தெரியவில்லை. கரையில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்றாள் தீலா, ஓடையின் தெளிந்த தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு போய் ஆற்றின் சேற்றில் கலந்தது. நான் செருப்போடு தண்ணீரில் இறங்கினேன்.

“கொமாத்ரே, உக்காரு. கால் வலிக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்கிற வெளியூர் ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

“நாற்காலிய அங்க வச்சிட்டுப் போங்க, தோன் ரதாமெஸ். கடையில ஆளு காத்திருப்பாங்க.”

முப்பது வருஷத்தில் அவள் என்னை அந்நியரைப் போலத் தோன் என்று கூப்பிட்டதில்லை, நீங்க என்று சொன்னதும் இல்லை. நாற்காலியை ஜல்லிமேல் வைத்தேன். அவள் பக்கத்தில் நின்றிருக்கலாம். எனக்கும் இரண்டு கால் இருக்கிறது. நான் நின்றிருந்தால் கரையில் இருந்தவர்களில் நான்கு பேராவது இறங்கியிருப்பார்கள். கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. நான் போய்விட்டேன்.

மத்தியானம் போலீஸ் வண்டி பாலத்தைத் தாண்டி மேலே போனது. அரை மணி நேரத்தில் திரும்பியது. பின்னால் இரண்டு பெண் போலீஸ்காரர்களுக்கு நடுவில் தீலா ஈரப் பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். என் கடைப் பக்கம் திரும்பவில்லை. வண்டி கிளப்பின புழுதி அடங்குவதற்குள் மேலே பொக்லைன் எஞ்சின் உறுமுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்ஜினியர் தவாரெஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து பீர் கேட்டார். ஐஸ் பெட்டியின் அடியில் கையை விட்டு, இருப்பதிலேயே குளிர்ந்ததாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.